இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

ஜூலை 9

இந்த டைரியைத் திறந்து படிக்கப்போகும் புண்ணியவானே அல்லது புண்ணியவதியே! (பெரும்பாலும் அது என் தங்கை புஷ்பகனியாகத்தான் இருக்கும். அலமாரி துடைக்கிற சாக்கில் படிப்பாள்.) தூத்துக்குடி உப்பின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இதில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. அறுபத்திரண்டு வருஷமாகப் பழகிவிட்டது.

விஷயம் இதுதான். கிளாடியஸ் மச்சாது வருகிறான்.

கிளாடி என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். இன்னும் விளக்கமாகச் சொன்னால், வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் அன்றைக்கு ராக் இசை என்று ஒன்று இருந்தது என்றால் அது நாங்கள் இரண்டு பேர்தான். அவன் கிடார். நான், அதாவது சேர்மராஜ், டிரம்ஸ். பள்ளி முடித்த கையோடு கப்பலில் சமையல் வேலைக்கு ஏறினான். ஏறியவன் ரோட்டர்டாமில் இறங்கிக் குடும்பம், பேரன் பேத்தி என்று வேர் பிடித்துவிட்டான். பனிமய மாதா திருவிழாவுக்கு இந்த வருஷம் வருகிறானாம். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் முறை.

தகவலைக் கண்டுபிடித்தது தங்கை மகள் அகல்யா. கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறாள், முகநூலிலும் ஓவர்டைம் பார்க்கிறாள். அவள்தான் இந்த டைரியையும் கொடுத்தாள். "மாமா, நீங்க இப்பல்லாம் யார்கிட்டயும் சரியாப் பேசுறதே இல்ல. எழுதவாவது செய்யுங்க" என்றாள். நானா பேசுவதில்லை? இந்த வீட்டில்தான் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள்.

ஜூலை 10

பாட்டின் வரலாறு. கவனமாகப் படிக்கவும்.

எங்கள் காலத்தில் பாட்டு வேண்டுமென்றால் ரெக்கார்டிங் கடைக்குப் போய், காலி கேசட் வாங்கிக் கொடுத்து, பதிந்து வாங்க வேண்டும். எங்கள் கடைக்காரர் அய்யாத்துரை அண்ணாச்சி. அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. டேப்பில் ஒரு விரற்கடை கூட வீணாகக் கூடாது. பக்கம் தீரும்வரை பாட்டு போட்டுக்கொண்டே இருப்பார். டேப் தீர்ந்தால், பாடுகிறவன் வாயைத் திறந்தபடி நிற்க வேண்டியதுதான். "காசு குடுத்த டேப்புல காத்தையா பதியச் சொல்லுத?" என்பார்.

அந்த வருஷம் ஒரு மாலுமி கொண்டுவந்த இசைத்தட்டிலிருந்து எங்களுக்கு ஒரு கேசட் பதிந்து கொடுத்தார். அதில் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு! அடடா! அதன் முதல் அடி விழுந்ததும் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த பல்லிகள் வாலைத் தாமாகக் கழற்றி வைத்தன. கிடார் ஏறும், டிரம்ஸ் துரத்தும், இரண்டும் உச்சியில் ஏறி நின்று குதிக்கப்போகும் நேரத்தில், டக். டேப் தீர்ந்தது.

அய்யாத்துரை அண்ணாச்சி கடைக்கு ஓடினோம். இசைத்தட்டு கப்பலோடு போய்விட்டது. உறையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டோம். "ஒரு எலும்புக்கூடு படம் போட்டிருந்துச்சுல" என்றார். அவ்வளவுதான் விவரம்.

முடிவு எப்படி இருக்கும்? கிடார் தனியாக நின்று அழுது முடிக்கும் என்றான் கிளாடி. டிரம்ஸ் தனியாக நின்று அடித்து முடிக்கும் என்றேன் நான். சட்டை கிழியச் சண்டை போட்டோம். கடைசியில் ஒப்பந்தம் ஆனது: அந்த முடிவைக் கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்பது. தனியாகக் கேட்பவன் மனிதனே அல்ல.

அவன் கப்பல் ஏறினான். நான் இன்றுவரை கேட்கவில்லை. மதுரை பஸ்ஸில் ஒருமுறை யாரோ வைத்திருந்த ரேடியோவில் அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து, எதிரே வந்த லாரியில் விழுந்து, அதே லாரியில் தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். போன வருஷம் அகல்யா கேசட்டைப் போட்டு, கைபேசியை அதன் பக்கத்தில் காட்டினாள். பாட்டின் பேர், ஊர், ஜாதகம் எல்லாம் வந்துவிட்டது. "உங்க கேசட்ல கடைசிக் கொஞ்சந்தான் மாமா இல்ல, போடவா?" என்றாள். பாய்ந்து கைபேசியைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 12

குக்கர் மூன்று விசில் அடித்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் புஷ்பகனி ரேஷன் கடைக்குப் போனாள். குக்கரின் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அது விசிலே அடிக்கவில்லை. பருப்பு கரி ஆயிற்று. திரும்பி வந்தவள் என்னென்னவோ கேட்டாள். இப்போது வருகிற குக்கர்களுக்கு மூச்சுப் பிடிப்பு என்று விளக்கினேன்.

ஜூலை 13

இந்த வருஷம் குயில்கள் மௌன விரதம்.

ஜூலை 15

புஷ்பகனியும் அகல்யாவும் என்னைப் பற்றி ஏதோ சதி செய்கிறார்கள். "காது டாக்டர்" என்று அகல்யாவின் உதடு சொன்னதைப் பார்த்தேன். யாருக்குக் காது வலியோ, பாவம்.

ஆமாம், நான் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவேன். அது மில் மரியாதை. முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் பிரிவில் இருந்தேன். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழன்று கத்தும் கச்சேரி அது. உலகத்து ராக் குழுக்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தாலும் அந்தச் சத்தத்துக்கு முன்னால் சோறு ஊட்டும் தாலாட்டுதான். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து யாராவது காதில் பஞ்சு வைப்பார்களா? நான் வைக்கவில்லை.

அங்கே பேச்சு முழுக்க உதட்டாலும் கையாலும்தான். சூப்பர்வைசர் ஏதோ கத்துவார், நாங்கள் தலையாட்டுவோம். என்ன சொன்னார் என்பது முக்கியமில்லை. தலையாட்டாவிட்டால் பக்கத்தில் வந்து இன்னொரு தடவை கத்துவார். எங்கள் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிக்கலாம். எதைக் கேட்டாலும் முகம் மலர்ந்து தலையாட்டுவார்கள். நல்ல பிள்ளைகள் என்று பேர்.

ஜூலை 17

எங்கள் குழுவின் பெயர் 'தி மக்ரூன்ஸ்'. பேக்கரிக்காரர் தூக்கிப்போட்ட முந்திரி மக்ரூன் தகர டின்கள்தான் என் டிரம்ஸ் என்பதால் அந்தப் பெயர். கிடார் கோயில் பாடகர் குழுவுடையது. கிளாடி அதை "ரிப்பேருக்கு" எடுத்து வருவான். பல மாதம் ரிப்பேரிலேயே இருந்தது.

ஆண்டு விழாவில் அரங்கேற்றம். நான் அடித்த அடியில் பள்ளிக்கூடத்து ஓடுகள் பெயர்ந்து பறந்து இலங்கையில் இறங்கின. மறுநாள் ஒரு தோணிக்காரர் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். உப்பளத்தில் தண்ணீர் வெயிலுக்குக் காத்திராமல் அப்படியே உப்பாக உறைந்தது. கலங்கரை விளக்கம் தாளத்துக்குத் தகுந்தபடி சுற்றியதால் இரண்டு கப்பல் வழி தவறியது.

எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. ஒத்துக்கொள்ள வெட்கமில்லை. உற்சாகம் வந்தால் தாளம் ஓடிவிடும். அதற்குக் கிளாடி ஒரு வைத்தியம் வைத்திருந்தான். வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சு அவன். இரண்டு விரலால் என் முதுகில் தட்டிக்கொண்டே இருப்பான். கணக்கு வகுப்பு, பூகோள வகுப்பு, எல்லாவற்றிலும். நிதானமாக, டக்-டக், டக்-டக். மேடையிலும் நான் ஓட ஆரம்பித்தால், கிடாரைத் தோளில் தொங்கவிட்டுவிட்டு என் பின்னால் வந்து முதுகில் தட்டுவான். நான் தரைக்கு வந்துவிடுவேன்.

அன்றைக்கும் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டைத்தான் வாசித்தோம். கேசட் நின்ற இடம் வரை வாசித்தோம். அந்த இடத்தில் நிறுத்தினோம். வேறு என்ன செய்ய? கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு மைதானமே விழித்தது. முதல் வரிசையிலிருந்து பாதர் எழுந்தார்.

"என்னல, மீதி எங்க?"

"மீதி கப்பல்ல போயிட்டு பாதர்" என்றான் கிளாடி.

ஜூலை 19

கிளாடி போனில் பேசினான்!

அகல்யா கைபேசியை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போய்விட்டாள். போனில் பேசுவது எனக்குப் பிடிக்காது. முகம் தெரியாமல் பேசுவது மரியாதை இல்லை. ஆனாலும் கிளாடி அல்லவா!

ரோட்டர்டாமிலிருந்து அவன் குரல் கடலுக்கு அடியில் நீந்தி வந்தது. சுறா ஒன்று தண்ணீருக்குள் ஜெபம் செய்வது போல இருந்தது. அத்தனை தூரம் வருகிற குரல் நனையாமலா வரும்? "ஏல சேர்மா" என்று மட்டும் பளிச்சென்று கேட்டது. அதற்குப் பிறகு அவன் பேசப் பேச நானும் தக்கபடி விடை கொடுத்தேன். "ஆமா" என்றேன். "பின்ன!" என்றேன். "பிரமாதம்ல" என்றேன். நடுவில் அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். நட்பு முற்றினால் மௌனம் வரும். பிறகு என்னவோ மெதுவாகச் சொன்னான். அந்த இடத்தில் ஒரு நல்ல சிரிப்பாகப் போட்டேன்.

தரமான உரையாடல். இரண்டு மகாராஜாக்கள் பேசினால்கூட இவ்வளவு ஒத்துப்போகாது.

ஜூலை 20

மக்ரூன் வாங்கி வைத்தேன். மைக்செட் கடையில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்தேன். திருவிழாக் காலம், கிடைப்பது கஷ்டம் என்றார் கடைக்காரர். இது உலக வரலாற்றுக்குத் தேவைப்படும் பெட்டி என்று சொன்னேன். என்னவோ கேட்டார். தலையாட்டினேன். பந்தல் கால் நாலும் சேர்த்து எழுதிவிட்டார்.

ஜூலை 24

கிளாடி ஊருக்கு வந்து மூன்று நாள் ஆகிறதாம். கடற்கரைச் சாலையில் அவன் அக்கா ஜெசிந்தா வீட்டில்தான் இருக்கிறான். சைக்கிள் மிதித்தால் இங்கிருந்து ஒரு பாட்டு நேரம்.

வரவில்லை. பயணக் களைப்பாக இருக்கும். ஐரோப்பாவில் காலை என்றால் இங்கே மத்தியானம். அந்தக் கணக்கில் அவன் உடம்பு இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கலாம்.

மக்ரூன் நமுத்துவிட்டது. வேறு வாங்க வேண்டும்.

ஜூலை 26

கோயில் கொடியேற்றம். கடலும் ஊரும் கூடியிருந்தன. கொடி மேலே போனது. வழக்கமாக அந்த நேரத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதும், நெஞ்சுக்கூடு அதிரும். இந்த வருஷம் ஊதவில்லை. வேலை நிறுத்தம் போலிருக்கிறது. ஆனால் புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு எழும்பின. பக்கத்தில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதது. புறாக்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏதோ தனித் தந்தி இருக்கிறது.

கூட்டத்தில் கிளாடி!

நரைத்த தாடி. சாதாரணத் தாடி இல்லை. ஒரு குடும்பமே குடியிருக்கலாம், வாசலில் கோலம் போடலாம். மீசை எங்கே முடிகிறது, வாய் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் கண் அதே கண். நான் கையை விரித்துக்கொண்டு போனேன். அவன் அசையாமல் நின்றான். தாடி அசைந்தது. ஏதோ கேட்டான் என்று புரிந்தது. நான் முகமெல்லாம் சிரித்துத் தலையாட்டினேன். தாடி இன்னொரு முறை அசைந்தது. இன்னும் பலமாக ஆட்டினேன்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு திரும்பிக் கூட்டத்துக்குள் போய்விட்டான். நெரிசல் அல்லவா.

ஜூலை 27

அகல்யா வேலையிலிருந்து வந்ததும் என் அறைக்கு வந்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். நாற்காலியை இழுத்து என் முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். இப்படி அவள் உட்கார்ந்தால் நல்ல செய்தி வராது.

"மாமா, கிளாடி மாமாவைப் பாத்தேன். அவுக அக்கா வீட்டுக்கே போயிட்டு வாரேன்."

"என்னைக் கேட்டானா?"

"நீங்க அந்தப் பாட்டோட முடிவைக் கேட்டாச்சுன்னு அவுகள்ட்ட சொன்னீங்களா?"

"எவன் சொன்னான்? அவன் நாக்குல உப்பளம் வைக்க!"

"நீங்கதான் சொல்லிருக்கீங்க. போன்ல. 'முடிவைக் கேட்டுட்டியால'ன்னு கேட்டாவளாம். ஆமான்னிருக்கீங்க. 'நெசமாவா'ன்னதுக்குப் பின்னன்னிருக்கீங்க. எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, பிரமாதமாம்."

நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்காகக் காத்திருக்கலியான்னு கடைசியாக் கேட்டிருக்காவ. அதுக்குச் சிரிச்சீங்களாம்."

"போன் சரியில்ல. ரோட்டர்டாம் லைனு..."

"கொடியேத்தத்துல நேருக்கு நேரா நின்னு மறுபடி கேட்டிருக்காவ மாமா. 'கேட்டது நெசந்தானால?'ன்னு. நீங்க தலைய ஆட்டுனீங்களாம். ரெண்டு தடவ."

"அந்தத் தாடி..."

"மாமா" என்றாள். மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனாள். அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு சத்தம் உண்டு. எப்போதிலிருந்து அது இல்லை என்று யோசித்துப் பார்த்தேன்.

ஜூலை 28

பால் வாங்கினேன். அகத்திக்கீரை ஆய்ந்தேன்.

ஜூலை 29

கிளாடியிடம் சொல்வதற்குத் தயாரித்து வைத்திருக்கும் காரணங்கள்: எனக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு, போனில் பேசியவன் அவன். அல்லது, எனக்குத் தலையாட்டி நோய், வைத்தியர்கள் கைவிட்டார்கள். அல்லது, போனில் வந்த "ஆமா" எல்லாம் கடலில் வேறு யாருக்கோ சொன்ன "ஆமா", வழியில் கலந்துவிட்டது.

மூன்றும் நல்ல காரணங்கள்தான். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். என் உதட்டைப் படித்த வரைக்கும் எதுவும் சரியில்லை.

முடிவை நான் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் சிக்கல்.

ஜூலை 31

திருவிழா முடிந்த மறுநாள் அவனுக்கு விமானம் என்று அகல்யா சொன்னாள். அகல்யாவின் கைபேசியில் அந்தப் பாட்டு இருக்கிறது. அவனும் ஊரில் இருக்கிறான். ஸ்பீக்கர் பெட்டியும் வந்து மாடியில் உட்கார்ந்திருக்கிறது, நாலு பந்தல் காலோடு. நான்தான் இன்னும் தயாராகவில்லை.

ஆகஸ்ட் 1

போனேன்.

ஜெசிந்தா அக்கா கதவைத் திறந்தாள். கிளாடி ஹாலில், மாதா படத்துக்குக் கீழே, சாய்வு நாற்காலியில் இருந்தான். எழவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை மறந்துவிட்டேன்.

"ஏல கிளாடி, நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ வாயத் திறக்காத. திறந்தாலும் பிரயோசனம் இல்ல. எனக்குக் காது கேக்காது."

அவன் தாடி லேசாக விரிந்தது. கண் சுருங்கியது. சிரிக்கிறான்!

"சத்தியமால. மில்லுல போச்சு. கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. நீ போன்ல என்ன கேட்டன்னே எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு ஆமா போட்டேன். அந்த முடிவை நான் கேக்கலல."

அவன் தலையை ஆட்டினான். போதும்டா உன் கதை என்கிற ஆட்டல். ஜெசிந்தா அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓடுகள் இலங்கைக்குப் பறந்த கதையை இந்த வீட்டில் உட்கார்ந்துதான் முதன்முதலில் சொன்னேன். என் வாயிலிருந்து வருவது எதையும் நம்பக் கூடாது என்று நானே பாடுபட்டுப் பழக்கி வைத்த சனங்கள்.

வேறு வழி தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

"இப்ப உன் வாய் எனக்குத் தெரியாது. நீ என்னைத் திட்டு. உனக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லு. கப்பல்ல படிச்சதையும் சேத்துச் சொல்லு. என் குடும்பத்தை இழு. நான் திரும்புனேன்னா பொய்யன். போ, ஆரம்பி."

நின்றேன். எதிரே சுண்ணாம்புச் சுவர். அதில் ஒரு ஆணி. ஆணியில் காலண்டர். காலண்டரில் ஒரு சின்னப் படகு. படகில் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவன் திட்டுகிறானா, சும்மா இருக்கிறானா, எழுந்து உள்ளே போய்விட்டானா, எதுவும் தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் மௌனமாக நின்ற மிக நீண்ட நேரம் அதுதான். இதை மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

பிறகு முதுகில் இரண்டு விரல் வந்து உட்கார்ந்தது. தட்டவில்லை. சும்மா இருந்தது.

திரும்பினேன். கிளாடியின் தாடி நனைந்திருந்தது. ஜெசிந்தா அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாதா படத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படி என்னதான் திட்டினானோ, இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 2

காலையில் வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று புஷ்பகனி கூப்பிட்டாள். "யாரோ பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்திருக்காவ போல அண்ணே" என்றாள்.

கிளாடி. தாடி இல்லை. மீசையும் இல்லை. வெயிலே படாத தாடை முட்டை ஓடு மாதிரி வெளுத்திருந்தது. அதில் இரண்டு இடத்தில் பிளேடு கீறியிருந்தது. இருபது வயதிலிருந்து வளர்த்த தாடியாம் அது. ராக் கிடார்க்காரனுக்குத் தாடிதான் கிரீடம் என்று சொல்லித் திரிந்தவன், பெண்டாட்டி கெஞ்சியும், விமான நிலையத்தில் சோதனைக்காரன் சந்தேகப்பட்டும் எடுக்காதவன்.

அவன் உதடுகள் மெதுவாக அசைந்தன. ஒவ்வொரு எழுத்தையும் தட்டில் வைத்து நீட்டுவது போல.

"இப்பக் கேக்குதால?"

"நல்லாக் கேக்குது. கத்தாதல" என்றேன்.

சாப்பிடும்போது சொன்னான். ரோட்டர்டாமில் ஒருமுறை கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருக்கிறான், அந்தப் பாட்டு ஆரம்பித்துவிட்டதாம். "எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய ஓடுனேன். திருடிட்டு ஓடுதேன்னு ரெண்டு பேரு துரத்துனான்வ. பிடிச்சிட்டு, ஏன் ஓடுனன்னு கேக்கான். தூத்துக்குடியில எனக்கு ஒருத்தன் இருக்கான், அவன் இல்லாம இந்தப் பாட்டைக் கேக்கக் கூடாதுன்னு சொன்னேன். கிறுக்கன்னு விட்டுட்டான்வ."

இதை எனக்கு நடந்ததாக எழுதியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டீர்கள். சொன்னது கிளாடி. அவனுக்குப் பொய் வராது.

ஆகஸ்ட் 3

மத்தியானச் சாப்பாடு முடிந்து மாடியில் கூடினோம். அகல்யா கைபேசியை ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்தாள். பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி நான் முன்னால் ஒரு முக்காலியில். எனக்குப் பின்னால் கிளாடி. புஷ்பகனி டம்ளர்களைக் கீழே இறக்கி வைத்தாள். அனுபவசாலி.

முதல் அடி விழுந்தது. தரை வழியாக வந்து காலில் ஏறி இடுப்பைத் தாண்டி நெஞ்சில் உட்கார்ந்தது. என் டிரம்ஸ்! ஒவ்வொரு அடியும் வந்தது. கிடார் வரவில்லை. அது மேல் சுருதிக்காரி, என்னிடம் வருவதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். கிளாடியின் இடது கை, அங்கே இல்லாத ஒரு கிடாரின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது.

வலது கையின் இரண்டு விரல் என் முதுகில். டக்-டக். டக்-டக்.

அந்த இடம் வந்தது. அய்யாத்துரை அண்ணாச்சியின் டேப் தீரும் இடம். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தோம். தாண்டியது.

தாண்டிப் போனது ஐயா, போனது! போய்க்கொண்டே இருந்தது! துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்கள் தலையாட்டின. கோயில் மணி தானாக அசைந்தது. வெயில் இறங்கியது, பூக்காரி கடை கட்டினாள், பாட்டு மட்டும் முடியவில்லை. நடுவில் அகல்யா ஏனோ ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம்கூடப் பொறுமை இல்லை.

பிறகு கிளாடி முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"யாருல ஜெயிச்சது?" என்றேன். "டிரம்ஸ்தான?"

"ரெண்டும் இல்லல. முடிவுன்னே ஒண்ணு இல்ல. அப்படியே வாசிச்சிக்கிட்டே இருக்கானுவ, சத்தம் மட்டும் கொறஞ்சு கொறஞ்சு போவுது."

"பெறகு?"

"பெறகு என்ன? அவனுவ இன்னமும் வாசிச்சிக்கிட்டுதான் இருப்பானுவ. நமக்கு எட்டல."

ஆகஸ்ட் 6

கிளாடி காலை விமானத்தில் போனான். வாகைக்குளம் விமான நிலையம் வரைக்கும் போய் வழியனுப்பினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அரைமணி நேரம் பேசினான். மற்றவர்கள் எல்லாம் அங்கே ஊமையாகக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை தவறவில்லை. அடுத்த வருஷம் கிடாரோடு வருகிறானாம். தாடி வளர்க்க மாட்டானாம். "தாளத்துல ஓடாத" என்றான் கடைசியாக.

ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். பந்தல் கால்களைக் கடைக்காரர் எண்ணி வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை காது டாக்டரிடம் வருவதாக அகல்யாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை கேள்வி என்னவென்று புரிந்துகொண்டுதான் தலையாட்டினேன்.

அலமாரி துடைக்கும் புஷ்பகனியே, மற்றும் பெருமக்களே! ஓடுகள் பறக்கவில்லை. உப்பு உறையவில்லை. பஸ்ஸிலிருந்து நான் குதிக்கவில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். கப்பல்கள் தலையாட்டவில்லை, கோயில் மணியும் அசையவில்லை. அந்தப் பாட்டு எனக்கு எந்த இடத்தில் நின்றது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

அகல்யா ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டு, புஷ்பகனி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போன பிறகும், என் முதுகில் அந்த இரண்டு விரல் நிதானமாகத் தட்டிக்கொண்டே இருந்தது. அது மட்டும் நடந்தது.